பேரியும் பெயரும்

கோம்பை என்றவுடன் தமிழ்நாட்டார் பலர்க்கும் நினைவிற்கு வருவது ஒரு நாய். செந்நிற மேனியும் கருமுகமும் கொண்ட அக்காவல் நாய் தான் பிறந்த ஊரின் பெயரையே தன் பெயராகப் பூண்டு நாடெங்கும் சென்றுவிட்டது. ஊரோ தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்தை அடுத்து, மேற்குமலையின் அடியில் இருந்தவிடத்திலேயே இருக்கின்றது. பெயர்கள் இவ்வாறு கால்முளைத்து நடக்கும் இயல்பின. ஒன்றற்குரிய பெயர் நடந்து சென்று மற்றொன்றின்மேல் அமர்ந்துவிடுதலும் உண்டு. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது நாயின் பெயரன்று. ஒரு கனியின் பெயர். ஆயினும் அவ்வாராய்ச்சிக்கும் கோம்பையே தக்க இடமென்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

கோம்பையில் நின்று மேற்கே நிமிர்ந்து நோக்கின் இராமக்கல்மெட்டு தோன்றும். அதன் விளிம்பிற்கு அப்பால் கேரள நாடு. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் அங்கே பரந்து கிடக்கின்றன. இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளால் அத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, பொழுது சாய மீளுதல் நெடுங்கால வழக்கம். மீளும்போது அவர்களோடு ஏலத்தின் மணம் மட்டுமன்றி மலையாளச் சொற்கள் சிலவும் மலையிறங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்று 'பேரய்க்கா' என்பது. மலையாளத்தார் அப்பெயரால் வழங்குவது நம் கொய்யாக்காயை.

இனி வடகீழ்த்திசை நோக்கித் திரும்புவோமாயின், அங்கே பழனிமலைத் தொடர். அதன் உச்சியிலுள்ள கொடைக்கானலிலிருந்து ஆடி ஆவணி மாதங்களிற் பெரியகுளத்திற்கும் தேனிக்கும் மூட்டை மூட்டையாக வந்திறங்குவது பேரிக்காய். அதனை ஆங்கிலேயர் 'பேர்' என்பர். மேற்கே பேரய்க்கா, வடகிழக்கே பேரிக்காய். ஓசையில் இரண்டும் உடன்பிறந்தார்போல் இருக்கின்றன. பொருளிலோ ஒன்று கொய்யா, மற்றொன்று கொய்யாவிற்கு எவ்வகையிலும் உறவில்லாத வேறு கனி. அன்றியும், நாம் பேரிக்காய் என்பதனை மலையாளத்தார் 'சபர்ஜில்' என்கின்றனர். மறையூரை அடுத்த காந்தளூரில் அது விளைகின்றது. சபர்ஜில் என்பதோ அரபு மொழியின் 'சபர்ஜல்' என்னும் சொல்லின் திரிபு. அரபியர் அதனாற் குறிப்பது பேரியையுமன்று. குயின்ஸ் என்று ஆங்கிலத்தார் கூறும் மணமிக்க வேறொரு கனியை.

ஆகவே, மலைக்கு அப்பால் கொய்யாவிற்குப் பேரியின் பெயர். பேரிக்குக் குயின்ஸின் பெயர். பந்தியில் ஒருவர் இலை மாறி அமர, அவரால் அடுத்தவரும் இலை மாறியது போன்ற நிலை இது. கோம்பை மண்ணிற் பேரி விளைவதில்லை; பேரியின் பெயர் மட்டும் இருமலைகளினின்றும் வந்து அவ்வூரிற் சந்திக்கின்றது. இச்சந்திப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நம் வினா.

முதற்கண் கனியை அறிந்துகொள்வோம். பேரியும் ஆப்பிளும் குயின்ஸும் ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் நெருங்கிய சுற்றத்தன; ஆதலின் மலையாளத்தார் பேரிக்குக் குயின்ஸின் பெயரை வைத்தமை பெருங்குற்றமன்று. கொய்யாவோ நாவல் மரத்தின் குடும்பத்தது. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. பேரிமரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்பினது. போதிய குளிரில் உறங்கினாலன்றி அது செவ்வனே அரும்பெடாது. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிர் நமக்குப் பல்லை அடிக்கும் குளிராயினும், ஐரோப்பியப் பேரிவகைகள் பலவற்றிற்கு அது குளிரே அன்று. ஆகவே சிறிது குளிரே போதுமென்று இசையும் வகைகளே அங்கு நிலைபெற்றன. அவற்றுள் ஒன்று கீபர் என்பது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர்ப்புறத்திற் பீட்டர் கீபர் என்பாரின் தோட்டத்தில், சீனத்து மணற்பேரியின் விதையினின்று தானே கலந்து முளைத்து 1873-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காய்த்த மரத்தின் வழிவந்தது அது. சீனமும் ஐரோப்பாவும் கலந்து, அமெரிக்காவிற் பிறந்து, பழனிமலையிற் குடியேறிய காய் என்று அதனைக் கூறலாம். அதனைத் தின்பார் இவற்றுள் எதனையும் எண்ணுவதில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் உண்டா என்றே கேட்பர்.

பேரியைக் கடிக்குங்கால் மணலைக் கடித்தாற்போல் நறநறவென்னும். அழுக்கோ மண்ணோ அதற்குக் காரணமன்று. சதையினூடே சில நுண்ணறைகள் சுவர் தடித்து, கல்லைப்போல் இறுகிக் கூட்டங்கூட்டமாகக் கிடக்கின்றன. சீனத்து வகைக்கு மணற்பேரி என்னும் பெயர் வந்ததும் இதனாலேயே. பேரிக்கு மற்றுமொரு தனியியல்பு உண்டு. ஐரோப்பியப் பேரி மரத்திலேயே பழுக்கவிடப்படின், உள்ளேயுள்ள விதைப்பகுதி முதலிற் கனிந்து அழுகத் தொடங்கும். புறத்தே தோல் பசுமையாக நிற்கும். ஆதலால் முற்றிய பருவத்திற் காயாகவே பறித்து வைத்துப் பழுக்கவிடுதல் எந்நாட்டினும் வழக்கம். கொடைக்கானற் காயோ பெரும்பாலும் அவ்வளவு பொறுமைக்கும் இடமின்றிக் காயாகவே விற்பனையாகின்றது. நம்மவர் இதனைப் பேரிப்பழம் என்னாது பேரிக்காய் என்று பெயரிட்டதன் நுட்பம் இதுவெனக் கருதுகின்றோம். ஆப்பிளை எவரேனும் ஆப்பிள்காய் என்று கூற யாம் கேட்டிலம். சந்தையிற் கூடை சுமக்கும் மக்கள் பொருளின் நிலையறிந்தே காய் என்றும் பழம் என்றும் ஈற்றுச்சொல் சேர்க்கின்றனர். அவர்க்கு இலக்கணம் கற்பித்தார் யாவருமிலர்.

இக்காய் பழனிமலைக்கு வந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த ஊழியர் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் ஆற்றாது கொடைக்கானலில் முதல் இரு வீடுகளை அமைத்தனர். பின்னர் மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்சு துரையின் முயற்சியால் 1863-இல் ஏரி உண்டாயிற்று. அவர் போன்றார் தத்தம் வீட்டுத் தோட்டங்களில் மேனாட்டுக் காய்களையும் கனிகளையும் மலர்களையும் வைத்துப் பயிராக்கினர். வீட்டுத் தோட்டத்தினின்று மலைவாழ் குடியானவர் நிலங்களுக்குச் சென்ற மரங்களுட் பேரியும் ஒன்று. வில்பட்டி, பள்ளங்கி முதலிய ஊர்களில் அது இன்று அயன்மரம் என்னும் நினைவே இன்றி நிற்கின்றது. நாட்டுப்பேரி என்றுகூட ஒரு வகைக்குப் பெயர் வழங்குகின்றது! இரண்டு மூன்று தலைமுறை ஒரு நாட்டு மழையில் நனைந்தால் நாட்டுமரம் என்பது குடியானவர் கணக்குப் போலும்.

இனிச் சொல்லை நோக்குவோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு ஈண்டு ஒரு பள்ளம் உண்டு. 'பெருமை' என்னும் பண்புப்பெயர் உயிர்முதற்சொல்லோடு புணருங்கால் ஈறுகெட்டு முதல் நீண்டு 'பேர்' என்றாதல் நன்னூல் கற்றார் அறிந்ததே. பேரூர், பேராறு, பேரரசு என வருவன காண்க. பேரீந்து, பேரீச்சை என்பவற்றிலுள்ள பேர் இதுவே. பெரிய ஈந்து, பெரிய ஈச்சை என்பது பொருள். இதனைக் கண்ட ஒருவர் பேரிக்காயையும் 'பெருமை + இக்காய்' எனப் பிரித்துப் பெருமையுடைய காய் என்று பொருள் கூறத் துணியலாம். அங்ஙனம் கூறக்கேட்டு மகிழ்ந்த நண்பரும் எமக்கு உளர். மற்றொருவர் பேரி என்பது முரசு. முரசுபோற் பருத்த காயாதலின் பேரிக்காய் என்னலாம். முரசைக் குறிக்கும் பேரி வடமொழிச் சொல். இனி வேறொருவர் பேரிச்செட்டிகள் என்னும் வணிகர் கொணர்ந்தமையால் வந்த பெயர் என்று கூறினும், அதனையும் நம்புவார் சிலர் இருப்பர்.

இவை யாவும் கேட்டற்கு இனியன, உண்மையல்ல. இருநூறாண்டிற்கு முன் பழனிமலையில் இல்லாத காய்க்குப் பழந்தமிழ்ப் பகுபதம் கற்பித்தல், நேற்றுப் பிறந்த குழந்தைக்குப் பழைய ஓலையிற் பேர் தேடுவது போலும். சொற்பிறப்பு ஆராய்வார் முதலிற் பொருள் எந்நாட்டினின்று, எவர் கைப்பட்டு வந்தது என்று வினவல் வேண்டும். பொருள் வந்த வழியே பெயரும் வந்திருக்கும். தமிழின்மேல் நாம் வைத்துள்ள அன்பு, இல்லாத பழைமையை ஒரு காயின்மேல் ஏற்றி நிறுத்த வேண்டிய அளவிற்கு வறுமையுற்றதன்று.

பேரிக்காயின் பேரி, ஆங்கிலத்துப் 'பேர்' என்பதன் தமிழுருவமே. காயைக் கொணர்ந்தார் ஆங்கிலமே பேசினர். பேர் என்றே நிறுத்தியிருப்பின் அது பெயர் என்று பொருள்படும் பேரோடு மயங்கும். இகரம் ஒன்று சேர்ந்தமையால் அம்மயக்கம் தீர்ந்தது. தெலுங்கரும் கன்னடியரும் அதனைப் பேரிகாய் என்று முதலெழுத்தை மெலித்து ஒலிக்கின்றனர். ஆங்கிலச் சொல்லோ இலத்தீன் மொழியினின்று வந்தது. இலத்தீனில் மரம் 'பிருஸ்', கனி 'பிரும்'. கனிகள் பல எனின் 'பிர'. பொதுமக்கள் நாவில் இப்பன்மை நாளடைவில் ஒருமைபோல் நடக்கத் தொடங்கிற்று. 'பிர' என்பது ஒரு கனியையே குறிக்கும் பெண்பாற் சொல்லாக, அதனினின்று இத்தாலியரும் ஸ்பானியரும் போர்த்துகேசியரும் 'பேர' என்றனர். பழைய ஆங்கிலத்திலும் அச்சொல் புகுந்தது.

பன்மை ஒருமையாதல் புதுமையன்று. நம் வேதபுத்தகத்திற்கு மேனாட்டார் இட்ட பைபிள் என்னும் பெயரும் இவ்வாறு பிறந்ததே. கிரேக்கத்தில் 'பிப்லியா' என்பது நூல்கள் என்னும் பன்மை. இலத்தீன் பேசினோர் அதனை ஒருமைப் பெண்பாலாகக் கொள்ள, அறுபத்தாறு ஆகமங்கள் ஒரே நூலாயின. இறையியலார் அதற்கு ஆழ்ந்த பொருள் கூறுவர். இலக்கணத்தார் கூறுவது இவ்வளவே. தாவர நூலாரும் பிழைக்கு விலக்கானவரல்லர். பேரியினத்திற்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட 'பைரஸ்' என்னும் பெயரின் எழுத்துமுறை, பழைய இலத்தீனின் பிருஸ் என்பதைப் பிற்காலத்தார் கிரேக்கச் சொல்லெனக் கருதி எழுதியதன் பயன். அப்பிழையே இன்று உலகமெங்கும் சட்டம்.

வடகிழக்கு மலையிலிருந்து வந்த பெயரைக் கண்டோம். மேற்குமலைப் பேரய்க்காவின் கதை இன்னும் நெடியது. 1498-இற் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய போர்த்துகேசியர் பின்னர்க் கொச்சியிலும் கோவாவிலும் கொழும்பிலும் நிலைகொண்டனர். அமெரிக்கக் கண்டத்தில் தாம் கண்ட கொய்யா, முந்திரி, அன்னாசி முதலியவற்றை அவர்கள் கீழ்நாடுகளுக்குக் கொணர்ந்தனர். தம் நாட்டில் தின்று வளர்ந்த பேரியின் வடிவை ஒருவாறு ஒத்திருந்த கொய்யாவை இப்பக்கத்திலே அவர்கள் பேர என்றே அழைத்தனர். வீட்டை விட்டுப் பல்லாயிரம் கல் வந்தவன் புதிய கனியைக் கண்டு பழைய பெயரைச் சொல்லுதல் மனித இயல்பு. அச்சொல் அவர்கள் கப்பல் நின்ற கரைதோறும் இறங்கிற்று. கொங்கணியிற் 'பேர்', மராத்தியிற் 'பேரு', துளுவிலும் கன்னடக் கரையிலும் 'பேரளெ', மலையாளத்திற் 'பேர', சிங்களத்திற் 'பேர': யாண்டும் பொருள் கொய்யாவே. கோவாவிற் பிறந்த குருவானவர் செபஸ்தியான் ரொடால்போ டல்காடோ, ஆசிய மொழிகளிற் கலந்த போர்த்துகேசியச் சொற்களைத் தொகுத்து 1913-இல் வெளியிட்ட நூலில் இவ்வகைச் சொற்கள் முறையாக ஆராயப்பட்டுள்ளன. பரோடாவிலிருந்து 1936-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. சொல்லாராய்ச்சியில் விருப்புடைய மாணவர் அதனைத் தேடிப் படித்தல் நலம். மராத்தியப் பேரு என்பதனைப் பெரு என்னும் தென்னமெரிக்க நாட்டின் பெயரோடு இணைத்துக் கூறுவாரும் உண்டு. கனி அமெரிக்காவிற்கு உரியதாதலின் அக்கூற்று அழகாகவே பொருந்துகின்றது. ஆனாற் கரையெங்கும் உள்ள பிற வடிவங்கள் அதற்குச் சான்று கூற மறுக்கின்றன.

தமிழர் மட்டும் இக்கூட்டத்திற் சேரவில்லை. நாம் பேரவென்னாது கனியின் அமெரிக்கப் பெயரையே தழுவிக் கொய்யா என்றோம். ஆங்கிலத்துக் குவாவா, போர்த்துகேசியரின் கொய்யாப என்பவற்றிற்கு இது உறவு. வந்த சொல்லுக்குத் தமிழ் உடை மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. கொய் என்னும் பகுதியும் எதிர்மறை ஆகாரமும் கொண்ட பெயரெச்சம்போல் அது நிற்க, கொய்த பின்னும் கொய்யாப்பழமாவது எது என்று சிறுவர் விடுகதை போடுகின்றனர். சொல் இங்குப் பிறந்ததன்று. விடுகதை இங்குப் பிறந்ததே. இவ்வாறு, ஒரே மலைத்தொடரின் இருபுறத்தும் வாழும் தமிழரும் மலையாளத்தாரும் ஒரே கனிக்கு இரு வழியாற் பெயர் பெற்றனர். பின்னர்ப் பேரி வந்தபோது தமிழரிடம் பேரி என்னும் இடம் காலியாயிருந்தது. மலையாளத்தாரிடம் அது முன்னரே கொய்யாவாற் கொள்ளப்பட்டிருந்தது. ஆகவே அவர்கள் அரபு வணிகர் வழிவந்த சொல்லை எடுத்துப் பேரிக்குச் சூட்டினர். முதலிற் கூறிய பந்தியின் குழப்பம் இவ்வளவே.

ஏலத்தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் தாய் மடியிற் கட்டி வந்த இரண்டு பேரய்க்காவைக் குழந்தையிடம் கொடுக்கும்போது, அக்குழந்தை பள்ளியிற் கற்ற பேரிக்காயை எண்ணாது கொய்யாவென்றே அறிந்து கடிக்கின்றது. அகராதியைப் புரட்டும் நாம் திகைக்குமிடத்தில் எல்லையில் வாழும் சிறுவர் திகைப்பதில்லை.

இலங்கையில் நிகழ்ந்தது இதனினும் சுவையுடைத்து. மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் 'அகுவாகத்' என்ற கனியை ஸ்பானியர் 'அகுவாகாதே' என்றனர். அது ஆங்கிலேயர் செவியில் 'அல்லிகேட்டர்' என்று விழ, முதலைக்கும் அக்கனிக்கும் யாதொரு தொடர்புமின்றி 'அல்லிகேட்டர் பேர்', அஃதாவது முதலைப்பேரி என்று பெயராயிற்று. சிங்களவர் அதனை 'அலிகெட்ட பேர' என்றனர். சிங்களத்தில் அலி என்பது யானையைக் குறிக்கும் சொல். பேர என்பது கொய்யா. யாழ்ப்பாணத்துத் தமிழர் அக்கனிக்கு வழங்கும் பெயர் ஆனைக்கொய்யா! சிங்களப் பெயரைத் துண்டாக்கி மொழிபெயர்த்ததன் விளைவே இது என்பது எம் துணிபு. முதலை யானையாக, பேரி கொய்யாவாக, மெக்சிகோவிற் புறப்பட்ட பெயரின் ஓரெழுத்தும் மிஞ்சாமல் அது யாழ்ப்பாணத்தை அடைந்தது. தமிழ்நாட்டிற் பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் இக்கனி விளைகின்றது. ஈண்டு வெண்ணெய்ப்பழம் என்பர். இஃது ஆங்கிலத்து 'பட்டர் புரூட்' என்பதன் நேர்ப்பெயர்ப்பு. யானை இல்லாததால் சுவை சிறிது குறைவே.

ஆங்கிலேயர் பேரியின் பெயரை முதலைக்கு மட்டுமன்றி முள்ளுக்கும் கொடுத்தனர். நாம் சப்பாத்திக்கள்ளி என்பது அவர்கட்கு முட்பேரி. ஒரு காலத்தில் தென்னாட்டுத் தரிசுகளையும் வேலிகளையும் விழுங்கி வளர்ந்த அக்கள்ளியை, 1926-இல் இலங்கையினின்று கொணர்ந்து விடப்பட்ட ஒருவகைச் சிறு பூச்சி உண்டு ஒடுக்கிற்று. பேரியின் பெயர் பெற்றவற்றுள் எவர்க்கும் வேண்டாததாயிருந்தது அதுவொன்றே.

வடநாட்டிற் பேரியின் பழைய பெயர் ஒன்றையும் ஈண்டுக் கூறாமல் விடுதற்கு மனமில்லை. 629 முதல் 645 வரை யாத்திரை செய்து காஞ்சிமாநகர்வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், பஞ்சாபிலே சீனபுக்தி என்னும் நாட்டைக் குறிப்பிடுகின்றார். கனிஷ்க மன்னனிடம் பிணையாளாய் இருந்த சீன அரசகுமாரன் ஒருவன் தங்கியமையால் அந்நாடு அப்பெயர் பெற்றதாம். அவனே பேரியையும் பீச்சு என்னும் கனியையும் இந்நாட்டிற் புகுத்தினானென்றும், அதனாற் பீச்சுக்குச் 'சீனநீ' என்றும் பேரிக்குச் 'சீனராஜபுத்திர' என்றும் பெயர் வழங்கினவென்றும் அவர் எழுதினார். சீன அரசன் மகன் என்று ஒரு காயை அழைத்தல் எவ்வளவு கம்பீரம்! ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. இன்று வடநாட்டார் பாரசீகவழிச் சொல்லாகிய 'நாஷ்பாத்தி' என்பதனையே வழங்குகின்றனர். அரசகுமாரன் பெயர் ஏட்டில் நின்றது. வணிகன் பெயர் நாவில் நின்றது.

கிறிஸ்தவராகிய எமக்கு இச்சொல்லின்பால் வேறொரு காரணத்தாலும் விருப்பு உண்டு. தாவீது அரசன் ரெப்பாயீம் பள்ளத்தாக்கிற் பெலிஸ்தரை எதிர்த்தபோது, மரங்களின் நுனியில் எழும் இரைச்சலைக் கேட்டு எழும்பிச் செல்லுமாறு கர்த்தர் கட்டளையிட்ட செய்தி இரண்டாம் சாமுவேல் ஐந்தாம் அதிகாரத்திலும், முதலாம் நாளாகமம் பதினான்காம் அதிகாரத்திலும் வருகின்றது. நம் தமிழ் வேதபுத்தகத்தில் அம்மரங்கள் முசுக்கட்டை எனப்படும். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் அவ்வாறே கொண்டது. ஆனாற் பரிசுத்த எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலே அவை பேரிமரங்கள்! அதற்கும் முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பின் நாளாகமப் பகுதியிலும் பேரியே. எபிரேயச் சொல் எம்மரத்தைக் குறிக்கின்றது என்பதில் அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. அண்மைக்கால மொழிபெயர்ப்புக்களில் வேறு மரங்கள் இடம்பெற்றுள. ஒரே காற்று, ஒரே இரைச்சல். மொழிக்கு மொழி மரம் மட்டும் மாறுகின்றது. மொழிபெயர்ப்பாளன் படும் பாட்டை நினைந்தால் இரக்கமே தோன்றுகின்றது. தன் மக்கள் கண்டறியாத மரத்தின் பெயரை வைத்தால் வாசிப்பார்க்கு இரைச்சல் கேளாது. அறிந்த மரத்தின் பெயரை வைத்தால் மூலநூலுக்குப் பிழைத்தவனாவான்.

அகுஸ்தீனாரின் பேரித்திருட்டும் உலகறிந்தது. வட ஆப்பிரிக்காவில் தகஸ்தே என்னும் ஊரிற் 354-இற் பிறந்த அவர், பதினாறாம் வயதில் தோழரோடு நள்ளிரவில் அயலான் மரத்துப் பேரிகளை உலுக்கிக்கொண்டு சென்று, பன்றிகளுக்கு எறிந்தமையைத் தம் பாவ அறிக்கையாகிய நூலின் இரண்டாம் பகுதியிற் கூறி வருந்துகின்றார். அக்காய்கள் நிறத்தாலும் சுவையாலும் விரும்பத்தக்கன அல்லவென்று அவரே கூறுவது கருதத்தக்கது. பசியாலன்று, ஆசையாலன்று, தீமையின் இனிமைக்காகவே திருடினேம் என்பது அவர் துயரின் சாரம். இங்கே பேரி என்னும் சொல்லை மலையாளத்திற் பேரய்க்கா என்று ஒருவர் எழுதிவிட்டாற் கதை நிலைகுலையும். அகுஸ்தீனார் காலத்திற்கு ஆயிரம் ஆண்டிற்கு மேலும் கழிந்த பின்னரே கொய்யா கடல் கடந்தது என்பது ஒருபுறம். நறுமணம் வீசும் கொய்யாவாயின் திருட்டுக்கு ஆசை காரணமாய்விடும். ஆசை காரணமாயின் அவர் நூலின் அவ்வதிகாரமே வேண்டா. நறநறக்கும் கட்டைப் பேரியே அக்கதைக்கு உயிர். ஒரு கனியின் பெயரைச் சரியாக அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இறுதியாக, இச்சொல்லுக்கு நம் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கூறவேண்டும். தேனியிலும் மதுரையிலும் கண்ணாடி வைத்த பழக்கடைகளில் இப்போது தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளினின்று கப்பலேறி வரும் பேரிகள் அடுக்கப்பட்டுள்ளன. தனித்தனியே வலையுறை அணிந்து, சிறு சீட்டு ஒட்டப்பெற்று, மழமழப்பாய் விளங்கும் அவற்றிற்குக் கடைக்காரர் கூறும் பெயர் 'பியர்ஸ்'. ஒன்று எடுத்தாலும் பியர்ஸ். பத்து எடுத்தாலும் பியர்ஸ். உரோமாபுரியிற் பன்மை ஒருமையானது போலவே மதுரையிலும் ஆகின்றது. கொடைக்கானலினின்று வந்த காயோ கடைக்கு வெளியே தள்ளுவண்டியிற் சாக்கின்மேற் குவிந்து கிடக்கின்றது. அதன் பெயர் பேரிக்காய். இரண்டிற்கும் விலையில் மிக்க வேறுபாடு. பேரிக்காயும் பியர்ஸும் ஒன்றா என்று கடைக்காரர் ஒருவரை வினவினோம். "அது வேறே தம்பி, இது வேறே, அது காய், இது பழம்" என்று அவர் விடை பகர்ந்தார்.

அவர் கூற்றிற் சிறிது உண்மை உண்டு; வகை வேறு, பக்குவம் வேறு. எனினும் இனம் ஒன்று, சொல்லும் ஒன்று. ஒரே சொல் ஒரு நூற்றாண்டிற்கு முன் மலையேறி வந்தபோது தமிழ் உடுத்துப் பேரிக்காயாயிற்று. இன்று கப்பலிறங்கி வந்தபோது உடை மாற்றாமலே நிற்கின்றது. முன்னையது மலிவான பொருளின் பெயராகவும், பின்னையது உயர்ந்த பொருளின் பெயராகவும் நம் நாவிற் பிரிந்துகொண்டிருக்கின்றன. இதனால் இழப்பெய்துவார் மொழிநூலார் அல்லர். வில்பட்டியிலும் பள்ளங்கியிலும் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே காய்பறித்து மூட்டை கட்டும் குடியானவரே. அவர் சரக்கு இறங்கும் முன்னரே அதன் பெயரால் அதன் விலை குறைந்துவிடுகின்றது. நம் கலாசாலையின் விடுதிப் பந்தியிற் சென்ற ஆண்டு பழவகை பரிமாறியபோது, பேரிக்காய் என்றால் எமக்கு வேண்டா என்று ஒதுக்கிய மாணவர் சிலர், அடுத்த வாரம் அதே காயைத் தோல்சீவி நறுக்கிப் பியர்ஸ் என்று சொல்லி வைத்தபோது இருமுறை கேட்டு வாங்கினர். சமையற்காரர் எமக்குக் கண்ணாற் குறிப்புக் காட்டினார். யாமும் வாய்திறந்தேமல்லேம்.